மாட்சா: எந்த மாதம் பறித்த இலை என்பதில்தான் எல்லாம்

ஜப்பானின் நாகோயாவுக்குக் குடிவந்த பிறகு என் காலை பானம் மாட்சா, அதாவது இலையைத் தூளாக அரைத்து நீரில் அடித்துக் குடிக்கும் பச்சைத் தேநீர். மேய்டெட்சு ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் நிஷியோ வந்துவிடும். மாட்சாவுக்கான இலைக்குப் பெயர்போன ஊர் அது. அங்கே விளைந்தது, கியோட்டோ பக்கத்து உஜியில் விளைந்தது, தெற்கே ககோஷிமாவில் விளைந்தது என்று வருடக்கணக்கில் மாற்றி மாற்றிக் குடித்திருக்கிறேன். ஊருக்கு ஊர் ருசி மாறத்தான் செய்கிறது. ஆனால் நாக்கில் முதலில் தெரிவது, அந்த இலையை எப்போது பறித்தார்கள் என்பதுதான்.

டின்னில் 'செரிமோனியல் கிரேடு' (தேநீர்ச் சடங்குக்கு ஏற்ற தரம்) என்று போட்டிருப்பதை நான் பொருட்படுத்துவதே இல்லை. ஜப்பானில் அதற்குச் சட்டப்படி எந்த வரையறையும் கிடையாது. நான் தேடுவது 'இச்சிபன்ச்சா' என்ற சொல்லை, அதாவது வருடத்தின் முதல் பறிப்பை.

உஜியிலும் நிஷியோவிலும் முதல் பறிப்பு ஏப்ரல் கடைசியில் ஆரம்பித்து மே மாதம் முழுக்க நடக்கும். ககோஷிமாவில் வெயில் சீக்கிரம் வந்துவிடுவதால் பறிப்பும் முந்திக்கொள்ளும். குளிர்காலம் முழுக்கச் செடி துளிர்க்காமல் சத்தைச் சேர்த்து வைத்திருக்கும். வேரில் உருவாகும் தியானின் என்ற அமினோ அமிலம் வசந்தத்தின் முதல் கொழுந்துக்கு ஏறி வருகிறது. மாட்சாவின் உமாமி ருசிக்கும் (நாக்கில் நிறைந்து நிற்கும் சாறு போன்ற சுவை) மெல்லிய இனிப்புக்கும் முக்கியக் காரணம் அதுதான். வெயில் பட்டால் அந்தத் தியானின் கரைந்து, துவர்ப்பைத் தரும் கேட்டசின்கள் கூடும். அதனால்தான் பறிப்பதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே தோட்டத்துக்கு மேலே பந்தல் போட்டு வெயிலை மறைக்கிறார்கள். இப்போது பெரும்பாலும் கருப்பு வலைதான். உஜியில் சில தோட்டங்களில் மட்டும் நாணல் தட்டியும் வைக்கோலும் பரப்பும் பழைய முறை இன்னும் இருக்கிறது. நிழலில் வளரும் இலை கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தைப் பிடிக்கப் பச்சையத்தைக் கூட்டிக்கொள்ளும். அந்த அடர் பச்சை நிறம் அப்படி வருவது.

நல்ல முதல் பறிப்பு மாட்சாவை 75 டிகிரி நீரில் அடித்துக் குடித்தால் சர்க்கரையின் நினைவே வராது. முதலில் கடல்பாசி போன்ற ஒரு வாசனை, அடுத்து நாக்கின் நடுவில் ஒரு வழவழப்பு, கடைசியில் லேசான கசப்பு. விழுங்கிய பிறகும் இனிப்பு தொண்டையில் நிற்கும். 2 கிராம் தூளுக்கு 60 மில்லி நீர் என்பது என் கணக்கு. காஃபீன் இதில் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள், இளங்கொழுந்தில்தான் அது அதிகம். தியானின் கூடவே இருப்பதால் அந்தக் கசப்பு முன்னால் வருவதில்லை.

இரண்டாம் பறிப்பு 'நிபன்ச்சா'. முதல் பறிப்பு முடிந்து ஆறேழு வாரத்தில், ஜூன் பாதியிலிருந்து ஜூலைக்குள் வரும். செடிக்கு மறுபடி சத்துச் சேர்க்க நேரமில்லை, வெயிலோ உச்சத்தில். தியானின் இறங்கி, கேட்டசின் ஏறிவிடுகிறது. நிறத்தில் மஞ்சள் எட்டிப் பார்க்கும். வெறும் நீரில் அடித்தால் துவர்ப்பு கன்னத்தைப் பிடிக்கும். நீரின் சூட்டைக் குறைத்தால் கொஞ்சம் தணியும், ஆனால் முழுசாகப் போகாது. மற்ற பச்சைத் தேநீரில் இலையை வடித்துவிடுகிறோம், இதில் இலையையே குடிக்கிறோமே!

அதற்காக இரண்டாம் பறிப்பை மட்டம் என்று ஒதுக்க மாட்டேன். பாலில் கலக்க எனக்கு அதுதான் வேண்டும். முதல் பறிப்பின் மென்மை பாலில் மூழ்கிக் காணாமல் போய்விடும். இரண்டாம் பறிப்பின் துவர்ப்பு பாலையும் சர்க்கரையையும் தாண்டி வந்து நிற்கும். விலையும் வெகுவாகக் குறைவு. விலை உயர்ந்த மாட்சாவை லாட்டேயில் கொட்டுவது எனக்கு மனசு கேட்காத காரியம். இலையுதிர் காலத்தில் பறிப்பதும் உண்டு. அது ஐஸ்கிரீம், கேக், பிஸ்கட்டுக்குப் போகிறது. குடித்துப் பார்த்தேன், நீர்த்த ருசி. மாவில் கலக்க மட்டும் வாங்குங்கள்.

உஜியில் கையால் பறிக்கும் தோட்டங்கள் சிலவற்றில் வருடத்துக்கு ஒரே பறிப்புதான். அதோடு செடியை வெட்டிவிட்டு அடுத்த வசந்தம் வரை விட்டுவிடுவார்கள். சமிதோரி, அசாஹி போன்ற ரகங்கள் அப்படிப் பறித்துக் கிடைக்கும்போது, விலையைப் பார்த்துத் தயங்கினாலும் ஒரு சின்ன டின் வாங்கிவிடுவேன்.

இனி நான் அதிகம் சொல்ல விரும்பும் விஷயம். முதல் பறிப்பு என்றதும் மே மாதமே புதுசாக வாங்கிக் குடிப்பதுதான் சிறப்பு என்று தோன்றும். புது மாட்சாவின் பச்சை வாசனையும் துடிப்பும் எனக்குப் பிடிக்கும்தான், ஆனால் அதில் ஒரு முரட்டுத்தனம் இருக்கிறது. பழைய வழக்கத்தில் வசந்தத்து இலையைத் தூளாக்காமல் அப்படியே மண் ஜாடியில் அடைத்து, வாயை முத்திரையிட்டு, கோடை முழுக்கக் குளிர்ந்த இடத்தில் வைத்திருந்து நவம்பரில்தான் திறப்பார்கள். அந்தச் சடங்குக்குப் பெயர் 'குச்சிகிரி', தேநீர் கலைஞர்களுக்கு அது புத்தாண்டு மாதிரி. புது நெல்லைச் சில மாதம் வைத்திருந்து சமைத்தால் சோறு பதமாக வருவது போல, இலையும் அந்த மாதங்களில் முரடு தணிந்து ருசி திரண்டு வருகிறது. இப்போது குளிர்பதனக் கிடங்கில் வைத்து வருடம் முழுக்க அரைத்துக் கொடுக்கிறார்கள். என்றாலும் என் அனுபவத்தில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வாங்கும் டின்கள்தான் வெறும் நீருக்கு மிகச் சிறந்தவை.

இலையாக இருக்கும் வரை பொறுமை காக்கும் இந்தத் தேயிலை, தூளானதும் அவசரம் பிடித்துவிடும். கல் எந்திரம் ஒன்று ஒரு மணி நேரத்தில் அரைப்பது சுமார் 40 கிராம்தான். அவ்வளவு மெல்லிய தூள் காற்றும் வெளிச்சமும் பட்டால் சீக்கிரம் நிறம் மங்கும். ஆகவே பறித்த மாதத்தோடு அரைத்த தேதியையும் கடையில் கேளுங்கள். 20 அல்லது 30 கிராம் டின் போதும், திறந்தால் ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள்.

எல்லா டின்னும் இந்த விவரத்தைச் சொல்லாது. ருசி வருடா வருடம் ஒரே மாதிரி இருக்கப் பல தோட்டத்து, பல ரகத்து இலைகளைக் கலப்பது தேநீர்க் கடைகளின் நீண்ட கால வழக்கம். அது ஒரு திறமை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முதல் பறிப்போடு இரண்டாம் பறிப்பைக் கலந்திருந்தால் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். அதுவும் 2024 முதல் உலகமெங்கும் மாட்சாவுக்கு அடிதடியாகி, விலை கிடுகிடுவென ஏறிவிட்ட இந்த நேரத்தில். ஒரு டின்னில் பறிப்பு விவரம் இல்லை, கேட்டாலும் பதில் வரவில்லை என்றால் அதை நான் பாலுக்கு என்றே கணக்கில் வைத்து, அதற்குத் தகுந்த விலையைத்தான் கொடுக்கிறேன்.