கொள்வனவு அட்டவணையில் எத்தனை அந்நியச் சாவிகள்?

சம்மாந்துறைப் பக்கத்து நெல் கொள்வனவு நிலையம் ஒன்றுக்குத் தரவுத்தளம் அமைத்தபோது இரண்டு வடிவங்கள் என் முன் இருந்தன. ஒன்றில் கொள்வனவுப் பதிவு, இடத்தைப் பொறுத்தவரை, வயலை மட்டும் சுட்டும். வயல் தன் வட்டையையும் (பல வயல்கள் சேர்ந்த பரப்பு), வட்டை தன் பிரதேச செயலாளர் பிரிவையும் சுட்டும். மற்றதில் வயல், வட்டை, பிரிவு மூன்றுக்குமான அந்நியச் சாவிகள் (foreign key: வேறோர் அட்டவணையின் நிரையை, அதாவது row ஒன்றை, சுட்டும் நிரல், அதாவது column) கொள்வனவு அட்டவணையிலேயே இருக்கும். இந்த இரண்டாவதைத்தான் முதலில் தெரிந்தெடுத்தேன். ஒரு பெரும்போகம் முடிந்ததும் கைவிட்டேன்.

அதன் நன்மை வெளிப்படையானது: பிரிவுவாரியான கூட்டுத்தொகையை இரண்டு இணைப்புகள் (join: ஓர் அட்டவணையை இன்னொன்றோடு சேர்த்து வாசிப்பது) குறைவாக எழுதியே பெறலாம்.

ஆனால் பராமரிப்பில் அது நிற்கவில்லை. இறக்காமத்துக்குரிய வட்டை ஒன்றைச் சம்மாந்துறைப் பிரிவில் பதிந்திருந்தோம். தவறு தெரிந்ததும் வட்டை அட்டவணையில் ஒரு நிரையைத் திருத்தினோம். கொள்வனவு நிரைகளிலோ பழைய பிரிவே கிடந்தது. வட்டை வழியாக ஒன்றும் கொள்வனவு நிரைகளிலிருந்து நேரே ஒன்றுமாக ஒரே நாளில் எடுத்த இரண்டு அறிக்கைகளில் இறக்காமத்தின் மூட்டைக் கணக்கு வெவ்வேறாக வந்தது. தரவுத்தளம் எந்தப் பிழையையும் காட்டவில்லை. ஏனெனில் அந்நியச் சாவிக் கட்டுப்பாடு, சுட்டப்படும் பிரிவு இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கும், அது அந்த வட்டையின் பிரிவுதானா என்று பார்க்காது. 1971இல் கணினி அறிவியலாளர் எட்கர் கொட் வரையறுத்த, அட்டவணைகளை அமைக்கும் விதியான மூன்றாம் இயல்பு வடிவம் (third normal form), சாவியல்லாத ஒரு நிரலின் வழியாக இன்னொரு நிரல் தீர்மானிக்கப்படுவதை விலக்குவது இதற்காகத்தான்.

இதை வைத்து, மிகையாகத் தோன்றும் சாவிகளையெல்லாம் நீக்கிவிடவும் கூடாது. வயலிலிருந்து விவசாயியை அறியலாம் என்று எண்ணி, கொள்வனவிலிருந்து விவசாயியின் சாவியை எடுக்கப் பார்த்தேன். குத்தகைக்குச் செய்பவர் போகத்துக்குப் போகம் மாறுவார் என்பது நினைவுக்கு வந்தபோதுதான் கை நின்றது. அதுபோலவே சாய்ந்தமருதில் குடியிருப்பவருக்கு இறக்காமத்தில் வயல் இருக்கலாம். குடியிருக்கும் பிரிவும் வயலின் பிரிவும் ஒரே அட்டவணையைச் சுட்டினாலும் இரண்டு தனித் தகவல்கள்.

வட்டையையும் பிரிவையும் சேர்த்து ஒரே கூட்டு அந்நியச் சாவியாக வைத்தால், பொருந்தாத சோடியைத் தரவுத்தளமே மறுக்கும். இந்த நடுவழியைப் பரீட்சார்த்தப் பிரதியொன்றில் மட்டுமே செய்து பார்த்தேன். கோடிக்கணக்கான நிரைகளுக்கு அது உகந்ததாகலாம்.

எங்கள் அளவுக்கு இணைப்புகள் சுமையாகவில்லை. நாங்கள் பயன்படுத்திய தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸ், அந்நியச் சாவி நிரலுக்குத் தானாக இன்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் சுட்டி) அமைப்பதில்லை. அதை நாமே அமைத்த பின் அறிக்கை பழைய வேகத்திலேயே வந்தது.