மாதிரி நாடாளுமன்றமா, வகுப்புச் சாசனமா?

அரசியல் சாசன ஆட்சியை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்து பார்த்தே புரியவைக்க இரண்டு வழிகளை முயன்றுவிட்டேன். முதல் ஆண்டு மாதிரி நாடாளுமன்றம். அடுத்த ஆண்டு, வகுப்பே தனக்கென்று ஒரு சாசனம் எழுதிக்கொள்வது. இனி என் ஓட்டு இரண்டாவதற்குத்தான்.

மாதிரி நாடாளுமன்றம் மோசம் என்று சொல்லமாட்டேன். கேள்வி நேரம், மசோதா, வாக்கெடுப்பு எல்லாம் கண்முன்னே நடக்கும். அவையின் நம்பிக்கை போனால் அமைச்சரவை ஏன் விலக வேண்டும் என்பதை, ஒரு நம்பிக்கையில்லாத் தீர்மானம் நடத்திக் காட்டுவதுபோல வேறெதுவும் விளக்காது. ஆனால் வசனம் ஏழெட்டுப் பேருக்குத்தான்; மற்றவர்கள் மேசை தட்டுவார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் நாற்காலிகளோடு சேர்த்து எல்லாவற்றையும் அடுக்கி வைத்துவிடுவோம்.

வகுப்புச் சாசனத்துக்கு மூன்று பாடவேளை பிடித்தது. 38 பேர், 11 பிரிவுகள். கடமைகளாக எழுதித் தள்ளினார்கள், உரிமை என்று ஒன்றுகூட இல்லை. 1787இல் பிலடெல்பியாவில் எழுதிய அமெரிக்க சாசனத்திலும் தனி உரிமைப் பட்டியல் கிடையாது, 1791இல்தான் பத்துத் திருத்தங்களாக அது சேர்ந்தது என்றேன். "அப்போ நாமும் சேர்க்கலாம்ல?" என்று ஒருத்தி கேட்டாள். சேர்த்தார்கள். அதில் பிரிவு 12: மணி அடித்ததும் பாடம் முடியும்.

என்னை இந்தப் பக்கம் இழுத்தது அந்தப் பிரிவுதான். ஒருநாள் மணி அடித்த பிறகும் பாடத்தை இழுத்துக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சுப் பையன் சுவரில் ஒட்டியிருந்த சாசனத்தைக் காட்டி, "சார், பன்னிரண்டு" என்றான். சாக்பீஸைக் கீழே வைத்தேன். மறுநாள் இரண்டு நிமிடச் சலுகை கேட்டுத் திருத்தம் கொண்டுவந்தேன். மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 26 ஓட்டு வேண்டும், 23தான் விழுந்தது. அப்புறம், எடுத்துக்கொண்ட நிமிடங்களை அடுத்த வகுப்பில் திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்ட பிறகே 29 பேர் கை தூக்கினார்கள். ஆள்பவரையும் சட்டம் கட்டும் என்பதைப் பல வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். நானே கட்டுப்பட்ட அன்றுதான் அது அவர்களுக்குப் புரிந்தது. மாதிரி நாடாளுமன்றத்தில் இதற்கு வழியில்லை. அங்கே எல்லா அதிகாரமும் வேஷம்.

ஆனால் ஒன்று: தோற்கத் தயாராக இல்லாத ஆசிரியர் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது. தேர்வு, வருகைப்பதிவு போன்ற பள்ளி விதிகளுக்கு மேல் வகுப்புச் சாசனம் போகாது என்பதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பாதியில் சொன்னால் ஏமாற்று வேலையாகிவிடும்.

மாதிரி நீதிமன்றமும் உண்டு. ஒரே முறைதான் நடத்தினேன், அதனால் அடித்துச் சொல்லமாட்டேன். வியட்நாம் போரை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டை கட்டி வந்ததற்காக இடைநீக்கம் செய்யப்பட்ட மாணவர்களின் வழக்கை எடுத்தோம். 1969இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்று மாணவர்கள் பக்கம் நின்றது. எங்கள் வகுப்பு நீதிபதிகள் ஐவரில் மூன்று பேர் பள்ளியின் பக்கம் நின்றார்கள். ஏனென்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.