மாநகராட்சி டெண்டருக்கு மின் தளம்: எங்கே கைகொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது

சென்னை மாநகராட்சியின் 200 வார்டுகளில் நடக்கும் சாலை, மழைநீர் வடிகால், தெருவிளக்கு வேலைகளின் டெண்டரைப் பார்க்க ரிப்பன் மாளிகைக்கு அலைய வேண்டியதில்லை. தமிழ்நாடு அரசின் மின் டெண்டர் தளத்தில் லாகின்கூட இல்லாமல் தேடலாம், கேப்சா எழுத்துகளை அடித்தால் போதும். இதற்காகவே மனதாரப் பாராட்டலாம்.

விலை கொடுக்கும் இடத்தில்தான் ஒப்பந்தக்காரர்கள் பலர் சறுக்குகிறார்கள். விலைப் பட்டியல் எக்செல் கோப்பாக வரும். அதன் பெயரில் ஓர் எழுத்தை மாற்றினாலும் தளம் ஏற்காது. அந்தக் கோப்புக்குள் இருக்கும் தானியங்கிக் கட்டளையான மேக்ரோவை இயக்கினால்தான் மொத்தத் தொகை எழுத்திலும் விழும். எல்லாம் ஏற்றிய பிறகு, சமர்ப்பிப்பை உறுதிசெய்யும் ‘ஃப்ரீஸ்’ பொத்தானை அழுத்த மறந்தால் உழைப்பு வீண், ஒப்பந்தப்புள்ளி சமர்ப்பிக்கப்பட்டதாகவே கணக்கில்லை. நேரமும் சர்வர் கடிகாரப்படிதான். கடைசி மணி நேரம்வரை இழுக்காதீர்கள். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் (கணினியில் செருகும் சிறு யுஎஸ்பி கருவி) காலாவதியாகிவிட்டதா என்று முதல் நாளே பாருங்கள்.

வரி கட்டுகிறவர்கள் பார்க்க வேண்டியது தேதிகளை. 1998 டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் விதிகளில், 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள், ஒப்பந்தப்புள்ளி கொடுக்க அவகாசம் உண்டு. குறைத்தால் மேலதிகாரி எழுத்தில் காரணம் பதிய வேண்டும். திருத்த அறிவிப்புகளையும் விடாமல் திறந்து படியுங்கள், வேலையின் அளவும் ஒப்பந்தக்காரருக்கான தகுதியும் அங்கேதான் மாறும்.

பெரிய குறை ஒன்று: ஒப்பந்தம் கையெழுத்தான பின் எவ்வளவு பில் போனது, வேலை எவ்வளவு முடிந்தது என்பது இங்கே கிடைக்காது. அதற்குத் தகவல் உரிமை மனுதான் போட வேண்டும். முடிந்த வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகத்தின் நகலையும் சேர்த்தே கேளுங்கள்.