களியா, சாமைச் சோறா: பனிக்கால விருந்துக்கு எது தோது?

ஐப்பசி மழை விட்டு கார்த்திகைப் பனி இறங்கிவிட்டால் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு நாலு பேரைக் கூப்பிட இதைவிட நல்ல காலம் கிடையாது. ராகி புதுசு, சாமை புதுசு, சந்தையில் பச்சை மொச்சை குவிந்து கிடக்கும். எதைச் சமைப்பது என்பதில்தான் குழப்பம். ருசியை அப்புறம் பார்க்கலாம். வருகிறவர்கள் எல்லாரும் ஒரே பந்தியில் உட்காருவார்களா, ஏழு மணிக்கு இருவர் ஒன்பது மணிக்கு ஐவர் என்று வருவார்களா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். களி காத்திருக்காது; சாமை காத்திருக்கும்.

பத்துப் பேருக்குக் களி என்றால் 6 டம்ளர் ராகி மாவு, 1 டம்ளர் அரிசி நொய், 15 டம்ளர் தண்ணீர். நொய்யைக் குழைய வேகவிட்டு, தளதளவென்று கொதிக்கும்போது 2 டம்ளர் கஞ்சித் தண்ணீரைத் தனியாக மொண்டு வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு மாவை ஒரே குவியலாக நடுவில் கொட்டுங்கள். அந்த நேரத்தில் கிளறத் தோன்றும், கிளறக் கூடாது. குவியலின் நடுவே கட்டையால் ஒரு குழி குத்தி, கொதிநீர் அதன் வழியாகப் பொங்கி மேலே வரும்படி விட்டு, மூடி போட்டுச் சிறு தீயில் 10 நிமிடம் வையுங்கள். மாவின் உள்பக்கம் வேகிற நேரம் அது. முன்கூட்டியே கிளறினால் ஒவ்வொரு உருண்டையும் வெளியே மட்டும் வெந்து தோல் கட்டிக்கொள்ளும். உள்ளே பச்சை மாவு அப்படியே இருக்கும். களியில் கட்டி விழுவது இதனால்தான், மாவைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை.

இறக்கி வைத்து, ஒருவர் பாத்திரத்தைத் துணியால் இறுக்கிப் பிடிக்க, இன்னொருவர் கட்டையைப் பாத்திரத்தின் ஓரத்தோடு அழுத்தி அழுத்திக் கிண்ட வேண்டும். இறுகினால் எடுத்து வைத்த கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக விடலாம். தளர்ந்துவிட்டதே என்று மேலே மாவு தூவினால் பச்சை வாடை போகவே போகாது. அதற்குப் பதில் மறுபடி அடுப்பில் வைத்து மூடி வேகவிடுங்கள். ஈரக் கையால் தொட்டால் ஒட்டாமல் வர வேண்டும், அதுதான் பதம். நெய்யோ தண்ணீரோ தடவிய தட்டில் உருட்டினால் 12 உருண்டை தேறும்.

இத்தனையும் செய்து சூடு காக்கும் ஹாட்பாக்ஸில் ஈரத்துணி போட்டு மூடினாலும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் நிற்காது. பனிக் காற்று பட்டால் மேல்தோல் காய்ந்து வெடித்துவிடும். வெளியூர் விருந்தாளி வேறு அதை மென்று பார்ப்பார், பல்லில் அப்பிக்கொள்ளும். குழம்பில் புரட்டி விழுங்கணும் என்று முதல் கவளத்துக்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது.

சாமைக்கு இந்த மல்லுக்கட்டு இல்லை. அரூர் சித்தேரி மலைப் பக்கம் விளைகிற சாமை என்றால் கல் இருக்கும், இரண்டு முறை அரித்தே தீர வேண்டும். 5 டம்ளர் சாமையை அரை மணி ஊறவைத்து, வடித்து, கொதிக்கும் 10 டம்ளர் தண்ணீரில் உப்போடு போட்டால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் தண்ணீர் சுண்டும். அணைத்து, மூடியைத் திறக்காமல் 10 நிமிடம் புழுங்கவிட்டு, ஒரு கரண்டி கடலை எண்ணெய் விட்டு முள்கரண்டியால் உதிர்க்கலாம். சூட்டோடு கரண்டி போட்டுக் கிளறினால் குழைந்து கூழாகிவிடும். உதிர்த்தது ஹாட்பாக்ஸில் இரண்டு மணி நேரம் தாங்கும். வாங்கும்போது ஒரு சிட்டிகை மென்று பாருங்கள். நாள்பட்டது கசக்கும், வெந்தபிறகும் கசப்பு போகாது.

குழம்பில் போட்டி பிதுக்கம்பருப்புக்கும் கொள்ளுக் கடைசலுக்கும். பிதுக்கம்பருப்புக்கு ஈடு இல்லை, ஆனால் கூலி அதிகம். 3 கிலோ மொச்சைக்காய் உரித்தால் ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடக் கொட்டை வரும். அதை ஐந்தாறு மணி நேரம் ஊறவைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் தோல் விரலில் நிற்கும், பருப்பு வழுக்கிப் பாத்திரத்தில் விழும். இரண்டு பேர் உட்கார்ந்தாலும் ஒரு மணி நேர வேலை. குக்கரில் மட்டும் போட வேண்டாம், கரைந்து போகும். வெங்காயம், தக்காளி, பூண்டு வதக்கி மசாலா கொதிக்கும்போது போட்டால் கால் மணிக்குள் வெந்துவிடும். புளியைப் பருப்பு மெத்தென்று ஆனபிறகுதான் விட வேண்டும். புளிப்பு முன்பே சேர்ந்தால் பருப்பு விறைத்துக்கொள்ளும். அரை மூடித் தேங்காயும் இரண்டு ஸ்பூன் பொட்டுக்கடலையும் அரைத்து விடுவது கடைசியில்.

கொள்ளை முதல்நாள் இரவே ஊறப்போட்டு, காலையில் ஆறு விசில் விட்டுக் கடைந்து வைத்தால் மாலையில் சூடு பண்ணினால் போதும். செலவும் குறைவு. நம் கணக்கு இதுதான்: சொந்தக்காரர்கள் ஒன்றாக உட்காரும் நாளுக்குக் களியும் பிதுக்கம்பருப்பும், அலுவலகத்து ஆட்கள் வருகிற நாளுக்குச் சாமையும் கொள்ளும். களியோடு கொள்ளு சேரும், சாமையோடு பிதுக்கம்பருப்பும் சேரும், தப்பில்லை.

வாசல் அலங்காரத்திலும் அதே கேள்விதான். மார்கழிக் கோலத்தில் சாணிப் பிள்ளையார் மேல் வைக்கும் பூசணிப்பூ காலையில் விரிந்து வெயில் ஏறும்போதே சுருங்கிவிடும், ராத்திரி விருந்துக்கு உதவாது. சாமந்தியும் செண்டுமல்லியும் நிற்கும். செண்டுமல்லிக்குத் தண்ணீர் தெளித்தால் இதழடியில் தேங்கி மறுநாள் அழுகல் வாடை வரும். ஈரத்துணியில் சுற்றி வைக்கலாம். சரத்துக்குச் சாமந்தியே லேசு. மாவிலைத் தோரணத்துக்குக் கொம்பின் நுனியை ஒடிக்காதீர்கள். மா பூப்பது அந்த நுனியில்தான், மார்கழி, தையில். உள்பக்கத்து முற்றிய இலையை ஒவ்வொன்றாகப் பறித்தால் போதும்.

மாக்கோலம் பனியில் காயாது, சூரியன் இறங்குமுன் போட்டுவிடணும். நேரமாகிவிட்டால் கோலப்பொடிதான். சீரியல் லைட் சுலபம், ஆனால் திறந்த வாசலில் ஒட்டுப்போட்ட ஒயர் பனியில் நனைந்தால் ஆபத்து. அகல் அழகு. புது அகலை ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு நிழலில் காயவைத்தபிறகே எண்ணெய் ஊற்றுங்கள், இல்லையென்றால் பாதி எண்ணெயை மண்ணே குடித்துவிடும். ஓசூர், தளிப் பக்கத்துக் காற்றுக்கு அகலைத் திண்ணை ஓரத்தில் வரிசையாக வைப்பதைவிட மாடக்குழியிலோ சுவர் மூலையிலோ வைத்தால் நிற்கும்; எட்டு மணி வாக்கில் திரி தூண்டி எண்ணெய் விட வீட்டில் ஒரு பிள்ளையிடம் சொல்லி வையுங்கள்.