பணிச் சான்றிதழுக்கு ஏஜென்ட்டிடம் போகாதீர்கள்: டர்பனில் நான் ஏமாந்தது

தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் இருக்கும் நம்மவர்கள், முக்கியமாக ஊரிலிருந்து வேலைக்கு வந்தவர்கள், இதைப் படித்துவிட்டுத் தெரிந்தவர்களுக்கும் அனுப்புங்கள். பழைய கம்பெனியிலிருந்து பணிச் சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொன்ன ஒரு ஏஜென்ட்டிடம் 1,800 ராண்ட் கொடுத்தேன். பணம் போனால் போகட்டும், கைக்கு வந்த வேலையும் போய்விட்டது.

பைன்டவுன் பக்கம் ஒரு சரக்குக் கம்பெனியில் நான்கு வருடம் கணக்குப் பிரிவில் இருந்தேன். விலகும்போது சான்றிதழ் கேட்டதற்கு, அனுப்பி வைக்கிறோம் என்றார்கள். அனுப்பவில்லை. நானும் விட்டுவிட்டேன். அந்தச் சோம்பல்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். பிறகு ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு நல்ல இடத்தில் தேர்வானபோது, பத்து நாளுக்குள் பழைய வேலைக்கான சான்றிதழ் வேண்டும் என்றார்கள். பழைய கம்பெனிக்கு நான்கு முறை போன் செய்தேன். மேடம் மீட்டிங்கில் இருக்கிறார் என்ற பதிலே வந்தது.

அது புரட்டாசி மாதம். ஒரு நண்பர் வீட்டில் சனிக்கிழமை விரதச் சாப்பாடு. பந்தியில் பக்கத்து இலைக்காரர் நம்ம ஊர்ப் பக்கத்துக்காரர், பேப்பர் வேலையெல்லாம் முடித்துக் கொடுப்பவராம். விஷயத்தைக் கேட்டதும், "அந்தக் கம்பெனி எச்.ஆர்ல நமக்கு ஆள் இருக்கு தம்பி, நாலு நாள்ல லெட்டர் உங்க கையில இருக்கும்" என்றார். அடையாள அட்டை நகல், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டார். சாமி கும்பிட்ட வீட்டில் பார்த்த மனிதர் என்று நான் எதையும் யோசிக்கவில்லை.

சொன்னபடி நான்காம் நாள் கடிதம் வந்தது. கம்பெனி முத்திரை, கையெழுத்து, எல்லாம் பார்க்க அச்சு அசலாக இருந்தது. அப்படியே அனுப்பிவிட்டேன்.

மூன்று நாள் கழித்து ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வீடியோ காலில் கூப்பிட்டார்கள். பேசிய அதிகாரி அம்மா கடிதத்தைத் திரையில் காட்டி ஒரு வரியில் பேனாவை வைத்தார். பணி முடிந்த தேதி: ஜூன் 31. எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஜூனுக்கு ஏது 31? கடிதத்தில் இருந்த மொபைல் எண்ணை விட்டுவிட்டு, அவர்களே கம்பெனியின் பொது எண்ணைத் தேடிப் பேசியிருக்கிறார்கள். இப்படி ஒரு கடிதம் நாங்கள் கொடுக்கவே இல்லை என்று பதில் வந்திருக்கிறது. எனக்கு ஒன்றும் தெரியாது என்று எவ்வளவோ சொன்னேன். வேலையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம் என்று மாலையே மெயில் வந்துவிட்டது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். போலிக் கடிதத்தோடு வந்தவனை எப்படி நம்புவார்கள்?

அப்புறம் அந்த மொபைல் எண்ணுக்கு வேறு போனிலிருந்து அடித்துப் பார்த்தேன். "எச்.ஆர் டிபார்ட்மென்ட்" என்று ஆங்கிலத்தில் எடுத்தது சாட்சாத் அந்த ஏஜென்ட்டின் குரல்.

எனக்கு மனது ஆறாத விஷயம் இதுதான்: இந்தச் சான்றிதழ் எனக்குச் சட்டப்படி சேர வேண்டியது. 1997ஆம் ஆண்டின் அடிப்படை வேலை நிபந்தனைச் சட்டம், பிரிவு 42. வேலை முடிந்தால் முதலாளி சான்றிதழ் கொடுத்தே ஆக வேண்டும். முழுப் பெயர், கம்பெனி பெயர், முகவரி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, செய்த வேலை, கடைசிச் சம்பளம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். விலகிய காரணத்தை நாம் கேட்டால் மட்டும்தான் எழுத வேண்டும். நான் போனில் கெஞ்சிக்கொண்டிருந்ததற்குப் பதில், பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு ஒரு மெயில் போட்டிருக்கலாம். பிறகு அதைத்தான் செய்தேன். சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, இன்ன தேதிக்குள் வேண்டும் என்று ஐந்து வரி. ஆறாம் நாள் உண்மையான சான்றிதழ் வந்துவிட்டது. ஒரு காசு செலவில்லை. மெயிலுக்கும் அசையாத கம்பெனி என்றால் வேலைவாய்ப்பு, தொழிலாளர் துறையின் உள்ளூர் அலுவலகத்தில் இலவசமாகப் புகார் கொடுக்கலாம்.

அதுவரை காட்டுவதற்கு வேறு ஆதாரமும் இருக்கிறது. வேலையில்லாக் காலக் காப்பீட்டுக்காக முதலாளி நிரப்பும் யுஐ-19 படிவத்தில் சேர்ந்த, விலகிய தேதிகள் இருக்கும். வருமான வரிக்கான ஐஆர்பி5 தாளில் கம்பெனி பெயரும் சம்பளமும் இருக்கும். இரண்டையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் தாமதமாகிறது என்று புதிய இடத்தில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான் சொல்லியிருந்தால் இரண்டு வாரம் பொறுத்திருப்போம் என்று அந்த அம்மாவே பிறகு சொன்னார். அதைக் கேட்டபோதுதான் அழுகை வந்தது.

எந்தக் கடிதம் வந்தாலும் கீழே இருக்கும் தொடர்பு எண்ணைப் பாருங்கள். கம்பெனி எண்ணும் கம்பெனி பெயரிலான மெயிலும் இல்லாமல் வெறும் மொபைலும் ஜிமெயிலும் இருந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள். சொந்தக் கடை, கம்பெனி நடத்தும் நம்மவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: உங்களிடம் வேலை பார்த்த பையன் சான்றிதழ் கேட்டால் இழுத்தடிக்காதீர்கள். நீங்கள் இழுத்தடிப்பதை வைத்துத்தான் இந்த ஆட்கள் பிழைக்கிறார்கள்.

என் சம்பளச் சீட்டும் அடையாள அட்டையும் இன்னும் அந்த ஆளிடம் இருக்கின்றன. போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டேன். என் பெயரில் வேறு யாரும் கடன் வாங்கிவிடக் கூடாது என்று தென்னாப்பிரிக்க மோசடித் தடுப்புச் சேவையில் பாதுகாப்புப் பதிவும் செய்தேன். அதுவும் இலவசம்தான்.

இந்த வாரம் நம்ம ஆட்கள் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் "பணிச் சான்றிதழ், 4 நாளில்" என்று ஒரு விளம்பரம் ஓடுகிறது. மாதிரிக்கு ஒரு கடிதத்தின் படமும் போட்டிருக்கிறார்கள். கம்பெனி பெயர் வேறு, கீழே இருப்பது என் கடிதத்தில் இருந்த அதே கையெழுத்து.