இரண்டு மழைக்காலம் விர்ச்சுவல்பாக்ஸோடு

இலங்கையில் எங்கள் ஹட்டன் பக்கம் மே மாதம் மழை பிடித்துவிட்டால் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் இருப்பது 8 ஜிபி ரேம் கொண்ட மேசைக் கணினி. தங்கச்சியின் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) பாடக் குறிப்புகள் எல்லாம் அதன் விண்டோஸில் இருப்பதால் அதை அழிக்கத் துணிவு வரவில்லை. அதனால் விண்டோஸுக்குள்ளேயே இன்னொரு கணினி இருப்பதுபோல் ஓட்டிக்காட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளுக்குள் லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தைப் போட்டேன், அதன் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு.

முதல் நாள் ஓடவே மறுத்தது. கணினியின் அடிப்படை அமைப்பான பயாஸில், இப்படி உள்ளே இன்னொரு கணினியை ஓட்ட உதவும் விர்ச்சுவலைசேஷன் வசதி அணைந்து கிடந்தது. அதைப் போட்டதும் சரி. 3 ஜிபி ரேமும் இரண்டு கோரும் கொடுத்தேன். எழுத்து வேலைக்குத் தாராளம், வீடியோதான் திக்கித் திணறும். இதை வைத்து லினக்ஸே மெதுவானது என்று முடிவு கட்ட வேண்டாம். அதே மின்டை பென் டிரைவிலிருந்து நேரடியாக ஓட்டியபோது வீடியோ தங்குதடையின்றி ஓடியது.

"அண்ணே, மவுஸ் மாட்டிக்கிச்சு!" என்று தங்கச்சி கத்திய நாளும் உண்டு. மின்ட் ஓடும் சாளரத்துக்குள் மாட்டிய மவுஸ், வலது கண்ட்ரோல் விசையைத் தட்டினால் வெளியே வந்துவிடும். மின்டுக்குள் நிறுவும் விர்ச்சுவல்பாக்ஸின் துணை மென்பொருளான கெஸ்ட் அடிஷன்ஸ் போட்ட பிறகு அந்தத் தொல்லையும் இல்லை.

போன வருட மழையில், அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. அப்புறம் திறந்தால் கறுப்புத் திரையில் ஒரே ஒரு ஆங்கில வரி. நல்லவேளை, ஒரு வாரத்துக்கு முன் எடுத்த ஸ்னாப்ஷாட், அதாவது மின்ட் அன்று இருந்த நிலையின் பதிவு, இருந்தது. இரண்டு நிமிடத்தில் பழைய மின்ட் வந்துவிட்டது. ஆனால் அந்த ஒரு வாரம் உள்ளே எழுதியதெல்லாம் போச்சு. ஸ்னாப்ஷாட் பின்னோக்கிப் போகும்போது எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டுதான் போகும். அன்றிலிருந்து கோப்புகளை விண்டோஸ் பக்கம் மின்டும் விண்டோஸும் சேர்ந்து பயன்படுத்தும் பகிர்வுக் கோப்புறையில் வைக்கிறேன். அதுவும் சும்மா திறக்கவில்லை. மின்டில் 'விபாக்ஸ்எஸ்எஃப்' (vboxsf) என்ற பயனர் குழுவில் என் பயனர் பெயரைச் சேர்த்து, லாக் அவுட் செய்து வந்த பிறகே அனுமதி கிடைத்தது.

ஆசைக்கு ஸ்னாப்ஷாட்டைக் குவிக்காதீர்கள். மின்டுக்கு வட்டாக விண்டோஸில் இருக்கும் கோப்பு தானாக வளரும், உள்ளே அழித்தால் தானாகச் சுருங்காது. என் டி டிரைவ் சிவப்பாகிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

இப்போது யூபிஎஸ் வாங்கியாயிற்று. கரண்ட் போனதும் மெஷின் நிலையைச் சேமித்து மூடிவிடுகிறேன். திரும்பத் திறந்தால் பாதி வாக்கியத்தில் விட்ட கர்சர் அங்கேயே மினுக்கிக்கொண்டிருக்கும்.