தற்செயலும் அவசியமும்: ழாக் மொனோவின் நூலை மீண்டும் வாசித்தபோது

1965ஆம் ஆண்டு பிரான்சுவா ழாகோப், ஆந்த்ரே லூவோஃப் ஆகியோருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ழாக் மொனோ, 1970இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட இந்நூல், மூலக்கூறு உயிரியலைக் கற்றவர் ஒருவர் தம் துறையின் முடிவுகளிலிருந்து அறிவியலின் இயல்பை நோக்கி நகரும் முயற்சியாகும்.

நூலின் உயிர்நாடி, செல்லின் கட்டுப்பாட்டை விளக்கும் பகுதி. ஈ. கோலை பாக்டீரியாவில் லாக்டோஸ் இல்லாதபோது ஓர் அடக்கிப் புரதம் டி.என்.ஏ.வின் மீது அமர்ந்து அச்சர்க்கரையைச் சிதைக்கும் நொதியின் உற்பத்தியைத் தடுக்கிறது. லாக்டோஸ் வந்ததும் அதிலிருந்து உருவாகும் சிறு மூலக்கூறொன்று அப்புரதத்துடன் பிணைந்து அதன் வடிவத்தை மாற்ற, தடை விலகுகிறது. கட்டளை தரும் மூலக்கூறுக்கும் அதனால் தொடங்கும் வினைக்கும் இடையே வேதியியல் கட்டாயம் ஏதுமில்லை என்றும், இந்தச் சுதந்திரமே பரிணாமத்திற்கு எல்லையற்ற வாய்ப்பளித்தது என்றும் மொனோ காட்டும் பக்கங்களை நான் மூன்று முறை வாசித்தேன். ஒவ்வொரு முறையும் வியந்தேன்.

இயற்கைக்கு நோக்கம் கற்பிக்கலாகாது என்பதே அறிவியலின் அடிப்படைத் தெரிவு என்றும், அதுவே ஓர் அறநிலைப்பாடு என்றும் அவர் வாதிடுவது துணிவானது. ஆயினும், மார்க்சியத்தையும் சமயங்களையும் ஒரே வரிசையில் நிறுத்தி மறுக்கும் இறுதிப் பகுதி அவசரமாக எழுதப்பட்டதாகவே எனக்குத் தோன்றுகிறது. பாக்டீரியாவிலிருந்து பெற்ற சித்திரம், 1977இல் துண்டுபட்ட மரபணுக்கள் (புரதத்திற்கான குறியீடு தொடர்ச்சியாக இல்லாமல், இடையிடையே வேறு பகுதிகளால் பிரிக்கப்பட்ட மரபணுக்கள்) கண்டறியப்பட்ட பின் போதாமலானதையும் புதிய வாசகர் மனத்தில் கொள்ள வேண்டும். உயிர்வேதியியலில் அடிப்படைப் பயிற்சியுள்ளவர்களுக்கு இந்நூலைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். மற்றவர்கள் புரதங்களைப் பற்றிய அத்தியாயங்களைப் பொறுமையுடன் கடக்க நேரிடும்.